கண்ணாடி மணி கையால் செய்வது: யாழ்ப்பாணத்தில் எப்படித் தொடங்கலாம்?

பனங்கூடல் (கொக்குவில்)

எல்லோருக்கும் வணக்கம். நான் மாலையும் தோடும் செய்து விற்கிறேன். மணிகளைக் கொழும்புப் புறக்கோட்டையில் மொத்தமாக எடுப்பதுதான் வழக்கம். எங்கே பார்த்தாலும் அதே மணி, அதே நிறம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் ஒரே மாலை தொங்குவதைப் பார்க்க மனம் சலித்துப் போகிறது. மணியையே நானே செய்தால் என்ன என்று கொஞ்சக் காலமாக யோசனை.

கண்ணாடிக் கோலைச் சுவாலையில் உருக்கிக் கம்பியில் சுற்றுகிற வீடியோக்கள் நிறையப் பார்த்துவிட்டேன். எல்லாம் வெளிநாட்டுக்காரர் செய்தவை. இங்கே கிடைக்கிற சாமான்களை வைத்துச் செய்ய முடியுமா? வீட்டுக் காஸ் சிலிண்டர் போதுமா? வெறும் போத்தல்களை உடைத்துப் பாவிக்கலாமா? சூளை கட்டாயம் வேண்டுமா, அல்லது சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டால் சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுடர்மணி

தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் ஏதாவது மாற்று வழி உண்டு, இதற்கு இல்லை. காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிற மணி என்றால் அது சூளையில் ஆறியிருக்க வேண்டும்.

காரணம் இதுதான். சுவாலையில் இருந்து வெளியே எடுத்ததும் மணியின் மேற்பக்கம் முதலில் இறுகிவிடும். உள்ளே இன்னும் சூடு இருக்கும். பிறகு உள்ளே சுருங்கப் பார்க்கும்போது, ஏற்கெனவே இறுகிய மேற்பக்கம் விட்டுக்கொடுக்காது. அந்த இழுவிசை மணிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அன்றைக்குக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. வாங்கியவர் சில மாதம் போட்ட பிறகு, வெயிலில் இருந்து வந்து குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவும்போது கழுத்திலேயே பிளக்கும். சாம்பலும், சூடு தாங்குகிற செராமிக் பஞ்சும் செய்வதெல்லாம் மணி ஆறுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்துவது மட்டும்தான். சின்ன மணி வெடிக்காமல் அறை வெப்பத்துக்கு வந்துசேர அது உதவும். உள்ளே இருக்கிற இழுவிசையை எடுக்க, கண்ணாடி ஒரு குறிப்பிட்ட வெப்பத்தில் சில நேரம் நிற்க வேண்டும். குறைந்த சூட்டில் இளகுகிற இத்தாலிய மென்கண்ணாடிக்கு அது 510 முதல் 520 பாகை செல்சியஸ். மணியின் பருமனைப் பொறுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் அங்கே வைத்து, பிறகு 370 பாகை அளவுக்கு மெல்ல மெல்ல இறக்கி, அதன் பிறகு சூளையை நிறுத்திவிட்டுத் திறக்காமல் விட வேண்டும்.

நல்ல செய்தி ஒன்று. மணி செய்த கையோடு சூளைக்குள் வைக்க வேண்டும் என்பதில்லை. பஞ்சுக்குள் ஆறவிட்டு, உடையாமல் மிஞ்சியவற்றைச் சேர்த்து வைத்து, ஒரு நாள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சூளையில் வைத்து அறை வெப்பத்தில் இருந்து மெதுவாக ஏற்றி இறக்கலாம். அதனால் சொந்தச் சூளை இல்லாமலும் தொடங்கலாம், யாருடைய சூளையாவது கிடைத்தால் போதும்.

காஸ் பற்றி: சமையல் அடுப்புச் சுவாலையால் ஆகாது. ஒட்சிசன் கலந்து எரிகிற மேசைப் பர்னர் வேண்டும். வெல்டிங் காஸ் விற்கிற இடத்தில் ஒட்சிசன் சிலிண்டர் எடுக்கலாம். மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு வைக்கிற ஒட்சிசன் செறிவாக்கி இயந்திரம் ஒன்று பழையதாகக் கிடைத்தாலும் சின்னப் பர்னருக்குப் போதும். காஸ் சிலிண்டரை மட்டும் வீட்டுக்கு வெளியே வையுங்கள். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். சாதாரண அடுப்பு ரெகுலேட்டரும் சரிவராது, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக் கூடியது வேண்டும். இரண்டு குழாயிலும் தீ பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் வால்வு பூட்டாமல் பர்னரைப் பற்ற வைக்கவே கூடாது. இந்த ஒரு செலவில் கை வைக்காதீர்கள்.

கன்னாதிட்டியான்

சுடர்மணி அக்கா சொன்னது முழுக்கச் சரி. நான் நகை வேலைக்காரன், கண்ணாடி செய்தது இல்லை. ஆனால் சூளை விஷயத்தில் ஒன்று சொல்லலாம்.

தங்கச்சி, வார்ப்பு நகை செய்கிற பட்டறைகளில் மெழுகை எரித்து எடுக்க ஒரு மின்சூளை இருக்கும். 700 பாகைக்கு மேலேயும் போகும். புதிய சூளைகளில் எத்தனை மணி நேரத்தில் எத்தனை பாகைக்கு ஏற வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எப்படி இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே பதிந்து விடலாம். அக்கா சொன்ன வேலைக்கு அதுவே போதும். பல் கட்டுகிற ஆய்வுகூடங்களிலும் இப்படி ஒன்று உண்டு. கன்னாதிட்டி, கஸ்தூரியார் வீதிப் பக்கம் தெரிந்த பட்டறை இருந்தால் வார்ப்பு வேலை இல்லாத நாளில் கரண்ட் செலவைக் கொடுத்துப் பாவிக்கக் கேளுங்கள். மெழுகு எரித்த அன்றே வைக்க வேண்டாம், புகைக்கரி மணியில் படியும். வெறும் சூளையை ஒரு தடவை நன்றாகச் சூடாக்கி ஆறவிட்ட பிறகு வையுங்கள்.

சுவாலையைப் பற்றி ஒரு சந்தேகம். பொன் பற்றவைக்கும்போது நாங்கள் ஊதுகுழலில் சுவாலையைக் கொஞ்சம் மென்மையாகவே வைப்போம். காற்றுக் கூடினால் உலோகம் கறுத்துவிடும். கண்ணாடிக்கும் அப்படித்தானா?

சுடர்மணி

அண்ணா, சூளை யோசனைக்கு மிக்க நன்றி. எனக்கே இது தோன்றவில்லை.

சுவாலையில் கண்ணாடி உங்கள் வேலைக்கு நேர் எதிர். ஒட்சிசன் குறைந்தால்தான் எங்களுக்குச் சிக்கல். செம்பு கலந்த பச்சைநீலக் கண்ணாடி அப்படிப்பட்ட சுவாலையில் செங்கல் நிறமாக மங்கிப்போகும், வெள்ளையும் மஞ்சளும் சாம்பல் பூத்துவிடும். வெள்ளி கலந்த சில கண்ணாடிகளில் கடைசி நொடியில் வேண்டுமென்றே ஒட்சிசனைக் குறைத்து மேலே உலோக மினுக்கம் வரவழைப்பார்கள். அது அனுபவப்பட்ட பிறகு செய்கிற வேலை.

தங்கச்சி, இனி மணி உருவாகிற விதத்தைச் சொல்கிறேன். வீடியோவில் வேகமாக ஓட்டிவிடுகிற இடங்களில்தான் கவனம் வேண்டும்.

கம்பிக்கு வெளிநாட்டில் இருந்து எதுவும் எடுக்கத் தேவையில்லை. டிக் வெல்டிங்குக்கு விற்கிற ஸ்டெயின்லெஸ் கோல்களில் 1.6 மி.மீ., 2.4 மி.மீ. இரண்டும் கிடைக்கும். ஒரு சாண் அளவுக்கு வெட்டி, முனையை அரத்தால் தேய்த்துவிட்டால் சரி. கம்பியில் நேரடியாகக் கண்ணாடி சுற்றினால் அது கழலாது. வெள்ளைக் களியும் அலுமினாத் தூளும் தண்ணீரில் கரைத்த கூழில் கம்பியைத் தோய்த்து நிமிர்த்தி வைத்துக் காயவிட வேண்டும். அந்தப் பூச்சில் ஒரு கீறல், ஒரு கொப்புளம் இருந்தாலும் கண்ணாடி கம்பியைப் பிடித்துக்கொள்ளும், பிறகு உடைத்துத்தான் எடுக்கலாம்.

கண்ணாடிக் கோல் 5, 6 மி.மீ. தடிப்பு. நேரே சுவாலைக்குள் நீட்டினால் முனை பட்பட்டென்று வெடித்துத் தெறிக்கும். சுவாலையின் வெளி ஓரத்தில் அசைத்து அசைத்துச் சூடுகாட்டி, பிறகுதான் நடுவுக்குக் கொண்டுபோக வேண்டும். முனை செக்கச்செவேலென்று உருண்டு வரும்போது அடுத்த கையில் கம்பியும் மங்கிய சிவப்பில் இருக்க வேண்டும். கம்பி குளிர்ந்திருந்தால் கண்ணாடி ஒட்டாமல் வழுக்கும், கூடச் சூடானால் களிப்பூச்சு உதிரும்.

உருண்ட முனையைக் கம்பியில் தொட்டு, கம்பியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாக உருட்டுங்கள். சுற்றுவது கம்பி, கோலை ஒரே இடத்தில் பிடித்திருப்பதே போதும். அந்த நேரத்தில் கண்ணாடி காய்ச்சிய பனங்கட்டிப் பாகின் பதத்தில் இருக்கும். உருட்டுவதை ஒரு கணம் நிறுத்தினாலும் கீழ்ப்பக்கம் தொங்கிவிடும், மணி ஒருபக்கம் பருத்துவிடும். விடாமல் ஒரே வேகத்தில் உருட்டினால் கண்ணாடியின் மேற்பரப்பு இழுவிசையே அதை உருண்டையாக்கித் தரும். ஆரம்பத்தில் அலங்காரம் எதுவும் வேண்டாம். வெறும் ஒரு நிற மணி, இரண்டு நுனியும் சமமாக, துளை நடுவில் நிற்கிற மணி வரும்வரை அதையே செய்யுங்கள். எனக்கு ஒரு மணியின் அழகு அதில்தான் தெரியும், மேலே வைத்த பூவில் இல்லை.

கண்ணுக்கு டிடிமியம் கண்ணாடி போட வேண்டும். சூடான கண்ணாடியில் இருக்கிற சோடியம் பளீரென்ற மஞ்சள் ஒளி விடும், அதற்குள் மணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அந்த மூக்குக்கண்ணாடி மஞ்சளை வடித்துவிட்டு வேலையைத் தெளிவாகக் காட்டும். உடுப்பு பருத்தியாக இருக்கட்டும், நைலோன் துணியில் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். யன்னலைத் திறந்து, புகையை வெளியே இழுக்கிற விசிறி ஒன்று பூட்டுங்கள்.

வடமராட்சியான்

போத்தல் கண்ணாடி பற்றி நான் சொல்கிறேன். செய்து பார்த்திருக்கிறேன். முடியும். பச்சைப் போத்தலும் மண்ணிறப் பியர் போத்தலும் வெகு அழகான நிறம், காசும் இல்லை. தெருவோரத்திலும் கடற்கரையிலும் எவ்வளவு கிடக்கிறது!

லேபிளை நன்றாகக் கழற்றிக் கழுவி, ஈரத் துணியில் சுற்றி உடைத்து, நீள வாக்கில் துண்டுகளாகத் தெரிந்தெடுக்க வேண்டும். கண்ணாடி வெட்டும் கத்தி இருந்தால் வேலை லேசு. இத்தாலியக் கோலைவிட இது விறைப்பு, கூடுதல் சூடு கேட்கும். ஆறுதலாக வேலை செய்தால் மேலே வெள்ளைப் படலம் மாதிரிப் பிடிக்கும், அதனால் சூடாகவும் சுறுக்காகவும் முடிக்க வேண்டும்.

முக்கியமான விஷயம்: ஒரு மணிக்கு ஒரு போத்தல். இரண்டு போத்தல்களின் கண்ணாடியைக் கலந்து சுற்றக் கூடாது. போத்தலோடு இத்தாலியக் கோலைக் கலக்கவே கூடாது. கண்ணாடிக்குக் கண்ணாடி விரிந்து சுருங்கும் அளவு வேறு. கோல் விற்பவர்கள் அதைச் சி.ஓ.இ. 104, 90, 33 என்று இலக்கம் போட்டுச் சொல்வார்கள். மென்கண்ணாடி 104, ஆய்வுகூடக் குடுவைகள் செய்கிற போரோசிலிக்கேட் 33. இலக்கம் பொருந்தாத இரண்டைச் சேர்த்தால் எந்தச் சூளையாலும் காப்பாற்ற முடியாது.

பர்னரே இல்லாமல் செய்கிற வழியும் உண்டு. கானாவில் குரோபோ மக்கள் போத்தலை இடித்துத் தூளாக்கிக் களிமண் அச்சுகளில் நிரப்பிச் சூளையில் வைத்து மணி செய்கிறார்கள். துளை எப்படி விடுகிறார்கள் தெரியுமா? ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு மரவள்ளி இலைக்காம்பை நட்டுவிடுகிறார்கள். சூட்டில் காம்பு எரிந்துபோக அந்த இடம் துளையாக மிஞ்சுகிறது. மரவள்ளி எங்களிடம் இல்லாத சாமானா? அச்சு செய்யக் களிமண்ணும் குயவரும் இங்கேயே உண்டு. யாழ்ப்பாணத்துக்கு இதுதான் பொருத்தமான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கூடவே ஒரு கேள்வி. அம்பன், வல்லிபுரம் பக்கத்து வெண்மணல் நல்ல சிலிக்கா மணல். அதில் இருந்தே கண்ணாடி உருக்கலாமே?

சுடர்மணி

தம்பி, மணலில் இருந்து தொடங்க வேண்டாம். சிலிக்கா தனியாக உருக 1,700 பாகை வேண்டும். சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து இறக்கினாலும் தொழிற்சாலைகளில் 1,500 பாகை அளவில்தான் உருக்குகிறார்கள். அது வீட்டு வேலை இல்லை. அந்த மணல் மேடுகள் அங்கே நன்னீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

போத்தல் தூள் வழியை நானும் ஆதரிக்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. கண்ணாடியை இடிக்கும்போதும் சலிக்கும்போதும் தூசி பறக்கும். சாதாரணத் துணி மாஸ்க் போதாது, என்95 வேண்டும். கண்ணுக்கும் காப்பு வேண்டும். தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்து இடியுங்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டு முற்றத்தில் இதைச் செய்ய வேண்டாம்.

தீவகத்தாள்

எங்கள் முன்னோர் கந்தரோடையிலும் மாந்தையிலும் செய்த அதே தொழில்தான் இது. வெள்ளைக்காரர் வீடியோ பார்த்துக் கற்க வேண்டிய நிலை வந்தது கவலை. கந்தரோடைப் பக்கம் மழை பெய்தால் மண்ணில் மணிகள் வெளியே தெரியும் என்று அம்மம்மா சொல்வார். அவற்றை எடுத்து மாலையில் கோத்தால் எவ்வளவு பெருமை!

பழஞ்சுவடு

தங்கை, பெருமைப்படுவதில் பிழை இல்லை. ஆனால் இங்கே இரண்டு வேறு தொழில்கள் கலந்துவிட்டன. நான் வரலாறு படிப்பிக்கிறவன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கந்தரோடையில் 1970இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகக் குழு அகழ்வு செய்தது. ஈழத்தின் வடக்கில் மிகப் பழைய குடியிருப்புகளில் அது ஒன்று. மணி செய்த இடம் என்று ஆய்வாளர்கள் சொல்வது மாந்தையை, அதாவது திருக்கேதீச்சரத்தை ஒட்டிய பழைய துறைமுகத்தை. மணிகளை ஆராய்ந்த பீற்றர் பிரான்சிஸ், புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேடு, எங்கள் மாந்தை, தாய்லாந்தின் குலோங் தோம், வியட்நாமின் ஒக் இயோ ஆகியவற்றை ஒரே வகை மணி செய்த இடங்களாகக் காட்டினார். இந்து-பசிபிக் மணிகள் என்று அவர் அழைத்த இவை கிழக்கு ஆபிரிக்காவில் இருந்து கிழக்கு ஆசியா வரை கிடைக்கின்றன.

அந்த மணிகளைக் கம்பியில் ஒவ்வொன்றாகச் சுற்றவில்லை. குழாயாக இழுத்துச் செய்தார்கள். ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை நம் காலம் வரை இருந்ததால்தான் இது விளங்குகிறது. பெரிய உருகிய கண்ணாடித் திரளை இரும்புக் குழாயில் திரட்டி, நடுவே குழிவு உண்டாக்கி உலைக்குள் வைப்பார்கள். உலையின் மறுபக்கத் துவாரத்தால் ஒருவர் கொக்கியால் நுனியைப் பிடித்து இழுக்க, நடுவில் ஓட்டையோடு மெல்லிய குழாய் விடாமல் வந்துகொண்டே இருக்கும். அதைப் பொடிப்பொடியாக வெட்டி, சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடாக்கி ஓரங்களை உருட்டுவார்கள். ஒரு திரளில் இருந்து கணக்கில்லாத மணி. பெரும்பாலும் 6 மி.மீ.க்கும் சின்னவை. அது பலர் கூடி உலையில் செய்த பெருந்தொழில்.

வேறுபாட்டை நீங்களே பார்க்கலாம். நகைக்காரர் பாவிக்கிற பூதக்கண்ணாடி போதும். மணிக்குள் இருக்கிற காற்றுக்குமிழிகளையும் நிறக் கோடுகளையும் பாருங்கள். அவை துளையோடு சமாந்தரமாக நீண்டு ஓடினால் குழாயாக இழுத்த மணி. துளையைச் சுற்றி வளையமாகப் போனால் கம்பியில் சுற்றிய மணி. ஆயிரம் ஆண்டு கடந்த மணியிலும் செய்தவரின் கை அசைந்த திசை இப்படித் தெரியும். எனக்கு இதைவிட வியப்பான விஷயம் குறைவு.

மண்ணில் தெரிகிற மணியைத் தயவுசெய்து எடுக்க வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அது குற்றம் என்பது ஒருபுறம். அந்த மணி எந்த மண்படையில், எந்த ஓட்டுத் துண்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் காலமே இருக்கிறது. கையில் எடுத்த பிறகு அது வெறும் பழைய மணி. எங்கள் வரலாற்றுக்கு ஆதாரம் கேட்கிறார்கள் என்று கவலைப்படுகிற நாங்களே அந்த ஆதாரத்தைப் பிடுங்கி மாலையில் கோத்தால் யாரிடம் போய் முறையிடுவது?

தீவகத்தாள்

விளங்கியது ஐயா. அம்மம்மாவின் பெட்டியில் பழைய சிவப்பு மணி மாலை ஒன்று கிடக்கிறது. பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பழஞ்சுவடு

கட்டாயம் பாருங்கள். ஒளி ஊடுருவாத சிவப்பு என்றால் குமிழி தெரியாது. மேற்பரப்பில் கறுப்புக் கீற்றுகள் ஓடுகிற திசையைப் பாருங்கள். அந்தச் செங்கல் சிவப்பு செம்பால் வருவது. மாலை வீட்டுச் சொத்து, நூல் உக்கியிருந்தால் மாற்றிக் கோத்துப் போடுங்கள்.

பனங்கூடல் (கொக்குவில்)

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. கன்னாதிட்டியில் வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிற ஒருவரோடு கதைத்தேன். வாரத்தில் ஒரு நாள் சூளையைத் தர ஒத்துக்கொண்டார். பழைய ஒட்சிசன் செறிவாக்கி ஒன்றும் பேசி வைத்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. மணி சூளையில் சரியாகப் பதப்பட்டதா, அதாவது உள்ளே இருந்த இழுவிசை போய்விட்டதா என்று உடைக்காமல் அறிய வழி உண்டா? அப்புறம், கண் போல வட்டத்துக்குள் வட்டம் வைத்த மணிகளை எப்படிச் செய்கிறார்கள்?

சுடர்மணி

முதல் கேள்விக்குச் செலவில்லாத சோதனை ஒன்று. போலரைஸ்ட் கூலிங் கிளாஸ் ஒன்று எடுங்கள். மடிக்கணினியின் எல்.சி.டி. திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, கிளாஸை முன்னால் பிடித்துத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். அப்படியே பிடித்துக்கொண்டு திரைக்கும் கிளாஸுக்கும் நடுவில் மணியைக் காட்டுங்கள். இழுவிசை இருந்தால் துளையைச் சுற்றி வெளிச்சத் திட்டுகள் எழும். பதப்பட்ட மணி கறுப்பாகவே நிற்கும். ஒளி ஊடுருவுகிற மணிக்கு மட்டும்தான் இது சரிவரும். அதனால் ஒவ்வொரு சூளைக்கும் அதே அளவில் நிறமில்லாத மணி ஒன்றைச் சேர்த்து வையுங்கள். அதைப் பார்த்து மற்றவற்றை மதிக்கலாம்.

கண்மணிக்கு முதலில் கோலை உருக்கி, இடுக்கியால் இழுத்து 1, 2 மி.மீ. மெல்லிய இழைகள் செய்துகொள்ள வேண்டும். மணியின் மேல் வெள்ளை இழையால் ஒரு புள்ளி வைத்து உருக்கித் தட்டையாக்கி, அதன் மேல் நீலம், அதன் மேல் கறுப்பு. புள்ளி வைக்கும் இடத்தில் மட்டும் சூடு கொடுத்து, மணியின் மற்றப் பக்கத்தையும் இடையிடையே சுவாலைக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் குளிர்ந்த பக்கம் விரிசல் விடும். தந்த நிறத்தையும் பச்சைநீலத்தையும் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் நடுவில் தானாகவே ஒரு கருங்கோடு விழும். தந்த நிறத்தில் உள்ள கந்தகமும் மற்றதில் உள்ள செம்பும் சேர்வதால் வருவது அது. சிலர் பழுது என்று நினைப்பார்கள், எனக்கு மிகவும் பிடித்த கோடு.

இந்தக் கலையை இத்தாலியும் பிரான்ஸும் சேர்ந்து 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றின. இத்தாலியின் முரானோத் தீவில் எண்ணெய் விளக்குச் சுவாலையைத் துருத்தியால் ஊதி இதே வேலையைச் செய்தவர்கள் உண்டு. கன்னாதிட்டி அண்ணாவின் ஊதுகுழலுக்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை. நகைப் பட்டறையில் வளர்ந்த பிள்ளைகள் இதற்கு வந்தால் எங்களைவிட விரைவாகப் பிடிப்பார்கள் என்று எனக்கு உறுதி.

கன்னாதிட்டியான்

என் மகளுக்கு இந்த உரையாடலைக் காட்டினேன், வாசித்துக்கொண்டிருக்கிறாள். கோக்கிற பக்கம் ஒரு கேள்வி அக்கா. கடையில் வருகிற சில மணிகளில் நூல் தேய்ந்து அறுந்துவிடுகிறது என்று ஆட்கள் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். அது எதனால்?

சுடர்மணி

மணியின் நுனியால்தான் அண்ணா. சுற்றும்போது கண்ணாடி போதாமல் போனால் துளையின் விளிம்பு கூராக, கம்பியோடு மெலிந்து நிற்கும், அது நூலை அறுக்கும். கம்பியில் முதலில் சுற்றுகிற அகலத்தை அளவாக வைத்து, அதன் மேல் போதிய கண்ணாடி ஏற்றி நன்றாக உருக்கினால் இரண்டு நுனியும் உள்வாங்கிக் குழியும். விரலால் தடவினால் வழுவழுப்பாக இருக்க வேண்டும், நகம் மாட்டக் கூடாது. கூராக இருப்பதைக் கோக்க வேண்டாம். வைர அரம் இருந்தால் தண்ணீருக்குள் வைத்துத் தேய்த்து மழுக்கலாம்.

கம்பியில் இருந்து கழற்றிய மணியின் துளைக்குள் களித் தூள் ஒட்டியிருக்கும். அதையும் தண்ணீருக்குள் வைத்தே துளை அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும், காயவைத்துத் தட்டினால் தூசி மூச்சுக்குள் போகும். 1.6 மி.மீ. கம்பி விட்ட துளைக்கு நைலோன் பூசிய எஃகு நூல் போடுங்கள். பட்டு நூல் என்றால் இரண்டு மணிக்கு நடுவில் ஒரு முடிச்சுப் போடச் சொல்லுங்கள். மகள் எப்போது வேண்டுமானாலும் எனக்கு எழுதட்டும்.